எல்லோரும் வீட்டாரே!

ஒரு கருத்தரங்கிற்குச் சென்று திரும்பியவரிடம், "அங்கே உங்களுக்கு மிகவும் பயன்பட்டது எது?" என்று கேட்டுப் பாருங்கள். மேடைச் சொற்பொழிவைக் குறிப்பிடுவோர் சிலரே. "இடைவேளையில் ஒருவரைச் சந்தித்தேன், பல நாள் தவித்த கேள்விக்கு விடை கிடைத்தது" என்பவர்களே பலர்.

அமெரிக்கரான ஹாரிசன் ஓவன் இவ்வுண்மையைச் சற்றுக் கசப்புடனேயே அறிந்துகொண்டார். 1983ஆம் ஆண்டில் 250 பேர் கலந்துகொண்ட மாநாடு ஒன்றுக்காக அவர் ஓராண்டுக் காலம் உழைத்தார். இறுதியில் அவர் உட்பட அனைவரும் மெச்சியதோ காபி இடைவேளைகளை! அவ்வாறாயின் மாநாடு முழுவதையும் இடைவேளை போன்றே அமைத்தால் என்ன? 1985இல் அவர் அதைச் செய்து பார்த்தார். வட்டமாக நாற்காலிகள், ஒரு வெற்றுச் சுவர். வந்தவர்களே எழுந்து தத்தம் தலைப்பைச் சொல்லி, தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினர். அதுவே நிகழ்ச்சி நிரலாயிற்று.

இம்முறையைக் கணினி நிரல் எழுதுவோர் விரும்பி ஏற்றுக்கொண்டனர். கலிபோர்னியாவில் ஓரைலி என்னும் பதிப்பகத்தார் 2003 முதல் 'ஃபூ கேம்ப்' என்ற முகாமை நடத்தினர். ஆனால் அழைப்புப் பெற்றவர்களுக்கே அங்கு இடமுண்டு. அழைப்பில்லாதவர்கள் என்ன செய்வது? 2005 ஆகஸ்ட் 19 முதல் 21 வரை, பாலோ ஆல்டோ நகரில் ஒரு நிறுவனத்தின் அலுவலகத்திலேயே சில இளைஞர்கள் 'பார் கேம்ப்' என்ற திறந்த முகாமைக் கூட்டினர். ஒரு வாரத்திற்குள் செய்த ஏற்பாடு அது. ஏறத்தாழ 200 பேர் வந்து சேர்ந்தனர். ('பார்' என்றதும் மதுக்கடை என்று எண்ணி முகம் சுளிக்க வேண்டாம். 'ஃபூ', 'பார்' என்பவை நிரலாளர்கள் எடுத்துக்காட்டுகளில் கையாளும் வெறும் இடுபெயர்கள்.) மறு ஆண்டே இம்முறை சென்னைக்கும் வந்துவிட்டது.

நம் மாவட்டத் தலைநகரங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். வீட்டின் ஓர் அறையில் அமர்ந்து வெளியூர் நிறுவனத்திற்காக நிரல் எழுதும் இளைஞர்கள் இன்று அங்கெல்லாம் இருக்கிறார்கள். திருமணத்திற்குப் பின் வேலையை விட்டு, மீண்டும் தொடங்க வழி தேடும் பெண்கள் இருக்கிறார்கள். பெருநகர மாநாட்டிற்குக் கட்டணமும் பயணச் செலவும் கொடுக்க அவர்களால் இயலுமா? தம் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே அதே தொழிலைச் செய்பவர் இருப்பதைக்கூட அவர்கள் அறியார். அத்தகையோருக்கு இம்மாதிரியான கூட்டம் ஒரு வரம்.

"திட்டமில்லாத கூட்டத்திற்குத் திட்டமிடுவது எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பேசப்போகும் பொருளைத்தான் திட்டமிட வேண்டியதில்லை. பேசுவதற்கான சூழலைத் திட்டமிட்டே தீர வேண்டும்.

முதலாவது, இடம். பெரிய அரங்கம் ஒன்றைவிடச் சிறிய அறைகள் நான்கு மேல். விடுமுறை நாளில் ஒரு கல்லூரியின் வகுப்பறைகளே போதும். மின் இணைப்புகளும் இணையமும் குறைவின்றி இருக்கட்டும். அறைகளுக்கு வெளியே நின்று பேச அகன்ற தாழ்வாரம் வேண்டும். மெய்யான உரையாடல் பெரும்பாலும் அங்கேதான் நிகழும்.

இரண்டாவது, சுவர். அறைகளையும் நேரங்களையும் கட்டம் போட்டுப் பெரிய தாளில் எழுதி ஒட்டுங்கள். கட்டங்களை வெறுமையாக விடுங்கள். ஓர் அமர்வுக்கு அரை மணி நேரம் என்றால், அடுத்ததற்கு நடந்து செல்லச் சில நிமிடங்கள் ஒதுக்குங்கள். ஓர் அமர்வில் கற்கவும் இல்லை, கற்பிக்கவும் இல்லை என்று உணர்பவர், எழுந்து வேறு அறைக்குச் செல்லலாம். அதை அவமதிப்பாகக் கருதலாகாது என்பதைக் காலையிலேயே அறிவித்துவிடுங்கள். இது ஓவன் வகுத்த விதி.

மூன்றாவது, பணம். நுழைவு இலவசமாகவே இருக்கட்டும். தேநீருக்கும் மதிய உணவுக்கும் உள்ளூர் நிறுவனங்கள் சிலவற்றிடம் சிறு தொகைகளாகப் பெறுங்கள். ஒருவரிடமே பெருந்தொகை வாங்கினால் சுவரும் அவருடையதாகிவிடும்! பெயர் கொடுத்த அனைவரும் வந்துவிடுவர் என்று எண்ணிச் சமைத்துவிடவும் வேண்டாம். கட்டணமில்லாக் கூட்டத்தில் வாராதோர் எப்போதும் உண்டு.

நான்காவதே மிக முக்கியமானது. 'யார் வேண்டுமானாலும் பேசலாம்' என்று சொல்லிவிட்டால் எல்லோரும் பேசிவிடுவார்களா? இல்லை! உரத்த குரலுடையவரும், ஆங்கிலம் சரளமாக வருபவரும், ஏற்கெனவே நண்பர்களாய் இருப்பவருமே சுவரை நிரப்பிவிடுவர். அமெரிக்கப் பெண்ணுரிமை எழுத்தாளர் ஜோ ஃப்ரீமன் 1970இலேயே இதைச் சுட்டிக்காட்டினார். அமைப்பே இல்லாத குழு என ஒன்று கிடையாது. வெளிப்படையான விதிகள் இல்லாத இடத்தில் கண்ணுக்குத் தெரியாத அதிகாரம் வந்து அமர்ந்துகொள்கிறது என்பதே அவரது வாதம்.

எனவே, முதன்முறை வந்திருப்போரைத் தனியே அழைத்து, "உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள், இல்லையேல் தெரியாத ஒன்றைக் கேளுங்கள், அதுவும் ஓர் அமர்வுதான்" என்று ஊக்கப்படுத்துங்கள். தமிழிலேயே பேசலாம் என்று சுவரிலேயே எழுதி வையுங்கள். பெண்கள் இருள்வதற்குள் வீடு திரும்பும்படி நேரத்தை அமையுங்கள். அமைப்பாளர் குழுவிலும் அவர்கள் இருக்கட்டும். முறைகேடாக நடப்பவர் மீது யாரிடம் புகார் சொல்வது என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

மாலையில் அனைவரும் வட்டமாக அமர்ந்து, ஆளுக்கு ஒரு வாக்கியத்தில் தாம் பெற்றதைச் சொல்லட்டும். அடுத்த கூட்டத்தை ஏற்று நடத்துவோர் அங்கேயே முன்வரட்டும்.

அன்பு வாசகர்களே! திருமண வீட்டில் விருந்தாளி அமர்ந்து உண்டு செல்கிறார். வீட்டாரோ ஓடியாடிப் பரிமாறுகின்றனர். இந்தக் கூட்டத்திலோ விருந்தாளி என்று எவருமில்லை, எல்லோரும் வீட்டாரே. உங்கள் பிள்ளை, "எனக்கு என்ன தெரியும், நான் போய் என்ன பேசுவது?" என்று தயங்கினால், இதை எடுத்துச் சொல்லி அனுப்பி வையுங்கள். அவர் கேட்கப்போகும் ஒரு கேள்விக்காக அங்கே இன்னொருவர் தயக்கத்தோடு காத்திருக்கக்கூடும்!