ஹராம் என்று சொன்னால் மட்டும் போதுமா?

முந்தலைத் தாண்டிப் போடிமெட்டு வரை ஏறினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். பகலில் ஏலக்காய் மூட்டைகளும் தோட்ட வேலைக்குப் போகும் ஜீப்புகளும் ஏறி இறங்கும் பாதை அது. பெருநாள் இரவிலும் கல்யாண இரவிலும் அதே பாதையில் நம் பிள்ளைகளின் மோட்டார் சைக்கிள்கள் இறங்குகின்றன. ஒரு வண்டியில் மூன்று பேர். அதில் ஒருவன் குடித்திருக்கிறான். சில நேரம் வண்டி ஓட்டுபவனே குடித்திருக்கிறான்!

"முஸ்லிம் பிள்ளையா? இருக்காது!" என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். கடைவீதிக்குத் தெரியும். ஜமாஅத்துக்குத் தெரியும். தெரியாதவர் ஒரே ஒருவர்தான். அந்தப் பிள்ளையின் அத்தா!

ஒருநாள் பயான் முடிந்ததும் ஓர் இளைஞன் தயங்கித் தயங்கி வந்தான். "ஹஜ்ரத், குடிக்கிறது ஹராம்னு எங்களுக்குத் தெரியும். கூட வந்தவன் குடிச்சிட்டு மயங்கி விழுந்துட்டா நாங்க என்ன செய்யணும்? அதை யாருமே சொல்லித் தரலையே?" என்று கேட்டான். பல வருடமாக மேடையேறும் எனக்கு அன்று வாய் அடைத்துப்போனது. இந்தத் தலையங்கம் அவனுக்கான பதில்.

மது விஷயத்தில் மார்க்கத்தின் தீர்ப்பு தெளிவானது. அல்மாயிதா அத்தியாயத்தின் 90-வது வசனத்துக்குப் பிறகு அங்கே பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அந்தத் தடை ஒரே நாளில் வந்துவிட்டதா? முதலில், அதில் நன்மையைவிடக் கேடே பெரிது என்று உணர்த்தப்பட்டது. அடுத்து, போதையோடு தொழுகையை நெருங்கக் கூடாது என்று சொல்லப்பட்டது. உள்ளங்கள் பக்குவப்பட்ட பிறகே முழுத் தடை இறங்கியது. அன்று மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. வீடு வீடாகச் சோதனை போட்டு யாரும் கொட்ட வைக்கவில்லை. அவரவர் கையாலேயே கொட்டினார்கள்! நாமோ காரணம் சொல்லாமல், கேள்விக்கு இடம் கொடுக்காமல், "ஹராம்!" என்று ஒரு சொல்லோடு இறங்கிப் போய்விடுகிறோம்.

அரசாங்கம் காப்பாற்றும் என்று இருக்கலாமா? 1937-ல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்கு 1971-ல் தளர்த்தப்பட்டது. 1974-ல் மீண்டும் வந்தது. 1981-ல் மீண்டும் போனது. 2003-ல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் மூலம் அரசே எடுத்துக்கொண்டது. 21 வயதுக்குக் குறைந்தவனுக்கு விற்கக் கூடாது என்பது தமிழகச் சட்டம். மலை ஏறினால் கேரளத்தில் 23. ஆனால் வாங்கிக் கொடுக்க ஓர் 'அண்ணன்' இருக்கும்போது எந்தச் சட்டம் தடுக்கும்? கடையை மூடச் சொல்லிப் போராடுவோம். மூடும்வரை நம் பிள்ளைகளை நாம்தான் காக்க வேண்டும்.

எனவே இளைஞனே, கேட்டுக்கொள்.

"மலைக் குளிருக்கு ஒரு மடக்கு நல்லது" என்று சொல்பவன் பொய் சொல்கிறான். மது தோலிலுள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளிருக்கும் சூடு தோலுக்கு வந்து வெளியேறுகிறது. சூடு ஏறியதுபோல் தோன்றும். உடம்போ உள்ளே குளிர்ந்துகொண்டிருக்கும். மோரும் எலுமிச்சையும் கடுங்காப்பியும் பச்சைத்தண்ணீர்க் குளியலும் போதையை இறக்காது. கல்லீரல் தன் வேகத்தில்தான் அதைக் கரைக்கும். நேரம் ஒன்றே அதற்கு மருந்து.

ஒருவன் விழுந்துவிட்டானா? தனியே விட்டுவிட்டு ஓடாதே. மல்லாக்கப் படுக்க வைத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய் உயிரை எடுத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வை. உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதே. தட்டியும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டு உதடு நீலம் பாய்கிறது என்றால் உடனே 108-க்குப் போன் செய். டாக்டரிடம் எதையும் மறைக்காதே. உன் மானத்தைவிட அவன் உயிர் பெரிது!

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் என்ன நடந்தது? மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல் ஆகியவை அந்த விஷத்தின் அடையாளங்கள். "தூங்கினால் தெளிந்துவிடும்" என்று காத்திருப்பவனுக்குப் பார்வை போகும், உயிரும் போகும். நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் மாற்று மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு.

குடித்தவன் கையில் சாவியைக் கொடுக்காதே. அவன் பின்னால் உட்காராதே. பிடிபட்டால் முதல் தடவைக்கே 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம். 18 வயது நிரம்பாதவன் வண்டியோட்டிக் குற்றம் செய்தால், 2019-ல் திருத்திய சட்டப்படி பெற்றவருக்கே 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பத்தாவது படிக்கும் பிள்ளைக்குப் பைக் வாங்கிக் கொடுக்கும் அத்தாமார்கள் கவனிக்கட்டும்!

அத்தாமார்களுக்கு இன்னொரு வேண்டுகோள். இன்றே பிள்ளையை அழைத்து உட்கார வைத்துச் சொல்லுங்கள்: "தம்பி, எந்நேரமானாலும் எனக்குப் போன் போடு. எங்கே இருந்தாலும் வந்து கூட்டிட்டுப் போறேன். ராத்திரியில ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். காலையில பேசிக்குவோம்."

இது குடிக்க அனுமதி கொடுப்பதாகாதா என்று சிலர் கேட்கக் கூடும். குடித்த குற்றத்துக்காக ஒருவர் நபி (ஸல்) அவர்கள் முன் பலமுறை கொண்டுவரப்பட்டார், தண்டனையும் பெற்றார். அவரை ஒருவர் சபித்தபோது நபியவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சொன்னார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. தண்டனையும் இருந்தது, கதவும் திறந்திருந்தது. நாம் கதவை அல்லவா முதலில் அடைக்கிறோம்! அத்தாவின் அடிக்குப் பயந்து போன் செய்யாமல் 17 வளைவுகளிலும் தானே இறங்க நினைக்கும் பிள்ளை வீடு வந்து சேருவானா?

வியாபாரிகளே! ஏலம் முடிந்த இரவில் வெளியூர்க்காரர்களை 'கவனிக்க' வேண்டும் என்று கடைப் பையனிடம் காசு கொடுத்து அனுப்புகிறீர்களா? குடிப்பவன் மட்டுமல்ல, விற்பவனும் சுமப்பவனும் யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவனும் சாபத்துக்குரியவர்கள் என்பது நபிமொழி. சுமைக்கூலியோடு குவாட்டருக்கும் காசு கொடுக்கும் வழக்கத்தை விடுங்கள். அந்தக் காசு அவர் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்குப் போகட்டும்.

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. ஒவ்வொரு பெருநாளுக்கும் முன்னால் ஒருநாள் இஷாவுக்குப் பிறகு இளைஞர்களைக் கூட்டுங்கள். ஆலிம் ஒருவரும் டாக்டர் ஒருவரும் பேசட்டும். அவர்கள் பேசியபின் பிள்ளைகள் கேட்கட்டும். யாரும் முறைக்க வேண்டாம். இரவில் கூப்பிட்டால் வண்டி எடுத்து வரக்கூடிய இரண்டு பெரியவர்களின் போன் நம்பரைப் பள்ளிவாசல் பலகையில் எழுதி வையுங்கள்.

ஜனாஸாவைச் சுமக்க ஊரே திரள்கிறது. நள்ளிரவில் ஒரு பிள்ளையை அழைத்துவர ஒருவர் எழுந்து வந்தால் போதாதா? அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக!