கறுப்புப் பெண்ணைக் காணோம்!



வார்த்தையைச் சொன்னால் படம் போட்டுத் தருகிற செயற்கை நுண்ணறிவைப் பற்றித்தான் இப்போது எங்கே பார்த்தாலும் பேச்சு. எல்லோரும் ஆஹா ஓஹோ என்கிறார்கள். எனக்கு மட்டும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நியூயார்க்கில் ஸ்டெஃபனி டிங்கின்ஸ் என்று ஒரு கறுப்பினப் பெண் கலைஞர். கறுப்பினப் பெண் சிரிப்பது போல, அழுவது போல படம் கேட்டு, வருஷக்கணக்கில் வார்த்தையை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். ஆரம்பத்தில் வந்தது என்ன தெரியுமா தோழிகளே? கறுப்பு அங்கி போர்த்திய ஒரு ரோஸ் கலர் உருவம்! கறுப்பு துணிக்குப் போய்விட்டது, பெண்ணைக் காணோம். 2023-ல் குகன்ஹைம் மியூசியம் 1 லட்சம் டாலர் விருது கொடுத்த கலைஞருக்கே இந்தக் கதி.

இன்டர்நெட்டில் கொட்டிக் கிடக்கிற கோடிக்கணக்கான போட்டோக்களைப் பார்த்துத்தான் அது வரையக் கற்றுக்கொள்கிறது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? 2023-ல் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் இப்படி ஒரு மென்பொருளைச் சோதித்தது. 'நீதிபதி' என்று கேட்டால் வந்த படங்களில் பெண்கள் சுமார் 3 சதவீதம்தான். அமெரிக்காவில் நிஜத்தில் 34 சதவீதம். 'ஃபாஸ்ட் ஃபுட் கடை ஊழியர்' என்று கேட்டால் மட்டும் 70 சதவீதம் கறுத்த முகங்கள். நிஜத்தில் அந்த வேலையில் 70 சதவீதம் பேர் வெள்ளைக்காரர்களாம்! நாற்காலிக்கு ஒரு நிறம், அடுப்படிக்கு ஒரு நிறம்.

"மெஷினுக்கு நிறபேதம் தெரியுமா, போ" என்கிறார் என் வீட்டுக்காரர். ஏன் தெரியாது? கலர் பிலிம் காலத்திலேயே இந்தக் கூத்து உண்டு. கோடாக் கம்பெனி 1950-களில் இருந்து, நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைத்தான் லேப்களுக்கு அனுப்பியது. 'ஷெர்லி கார்டு' என்று பேர். பள்ளி குரூப் போட்டோவில் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கண்ணும் பல்லும் மட்டும்தான் தெரிந்தன. பெற்ற தாய்கள் சொன்னபோது யாருக்கும் காதில் விழவில்லை. சாக்லேட் கம்பெனியும் மர நாற்காலி செய்கிறவர்களும் "எங்கள் பழுப்பு நிறம் சரியாக வரவில்லை" என்று புகார் செய்த பிறகுதான் பிலிமைத் திருத்தினார்களாம். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மகளும் மாநிறம்தான். போனில் 'அழகு' பட்டனைத் தட்டினால், வெளுத்துப்போய் யார் வீட்டுப் பெண்ணோ மாதிரி நிற்கிறாள்.

சரி, கறுப்புப் பெண் படத்தில் வந்துவிட்டால் போதுமா? அதுவும் இல்லை. 2017-ல் 'ஷூடு' என்று ஒரு மாடல் அழகி வந்தாள். மை போன்ற கறுப்பு, கொள்ளை அழகு. விசாரித்தால் அப்படி ஒரு பெண்ணே கிடையாது. கேமரன் ஜேம்ஸ் வில்சன் என்கிற வெள்ளைக்காரப் போட்டோகிராபர் கம்ப்யூட்டரில் செய்த பொம்மை அவள். நிஜக் கறுப்பினப் பெண்கள் வேலைக்கு அலையும்போது, கூலி கேட்காத ஒரு பெண்ணை ஆண்பிள்ளை ஒருவர் செய்துகொள்வதா என்று 2018-ல் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதானே?

டிங்கின்ஸ் கோபித்துக்கொண்டு ஒதுங்கிவிடவில்லை. தன் குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெண்களைப் பேசவைத்துப் பதிவு செய்து, அதைக் கொண்டே தனியாக ஒரு பேசும் இயந்திரத்தைப் பழக்கினார். கொஞ்சம் பேச்சைத்தான் அது கேட்டு வளர்ந்தது என்பதால், சில சமயம் கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இருக்காதாம். இருக்கட்டுமே. அந்த வீட்டுப் பெண்கள் பேசின பேச்சுதான் அதற்குள் இருக்கிறது.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.