மொட்டை மாடியில் ஒரு ராத்திரி!



புதுச்சேரி உப்பளத்தில் இருந்து ஒரு தங்கை கடிதம் எழுதியிருக்கிறாள். அரையாண்டு விடுமுறையில் அப்பா, அம்மா, தம்பியோடு ஏலகிரி போகிறாளாம். லாட்ஜில் ரூம் எடுக்காமல், கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார்களாம். 'எங்களுக்கு இதுதான் முதல் தடவை. என்னென்ன வாங்க வேண்டும்? அப்பா ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் தர மாட்டேன் என்கிறார்' என்று கேட்டிருக்கிறாள்.

பதிலுக்கு முன் ஒரு சம்பவம் சொல்கிறேன்.

ராபர்ட் ஸ்காட் என்ற ஆங்கிலேயர், நான்கு தோழர்களோடு 1912 ஜனவரி 17ல் தென் துருவத்தை அடைந்தார். அவருக்கு 34 நாட்கள் முன்பே நார்வே நாட்டு அமுண்ட்சென் அங்கே வந்து போய்விட்டார். ஏமாற்றத்தோடு திரும்பினார்கள். வழியில் ஆங்காங்கே உணவும் மண்ணெண்ணெயும் முன்கூட்டியே வைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் டின்களில் மண்ணெண்ணெய் குறைந்திருந்தது! மூடியில் இருந்த தோல் வாஷர் கடுங்குளிரில் கெட்டுப்போய், எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிட்டது. மண்ணெண்ணெய் இல்லாவிட்டால் பனியை உருக்க முடியாது. குடிக்கத் தண்ணீர் கிடையாது. பசி, பனிப்புயல் எல்லாம் சேர்ந்துகொள்ள, திரும்பும் வழியில் ஐந்து பேருமே இறந்தார்கள். ஸ்காட்டும் இரண்டு பேரும் இறந்த கூடாரத்தில் இருந்து அடுத்த கிடங்கு வெறும் 20 கிலோமீட்டர். அமுண்ட்சென் தன் டின்களைப் பற்றவைத்து மூடியிருந்தார். அவருக்கு எண்ணெய் வீணாகவில்லை.

ஒரு சின்ன வாஷர்!

ஏலகிரி தென் துருவம் இல்லைதான். 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வந்துவிடும். (வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். போகும்போது படித்துக்கொண்டே போங்கள்.) ஆனால், அது சுமார் 1,100 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஏழு டிகிரி வெப்பம் குறையும். உப்பளத்தில் மார்கழி மாதத்திலும் மின்விசிறி போட்டுத் தூங்குகிற உங்களுக்கு அது நல்ல குளிர்.

அதனால், முதலில் கூடாரத்தை யோசிக்காதீர்கள். படுக்கையை யோசியுங்கள். மேலே இரண்டு கம்பளி போர்த்தினாலும், கீழே ஒன்றும் விரிக்காவிட்டால் நடுங்குவீர்கள். உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சிவிடும். அடியில் பிளாஸ்டிக் ஷீட், அதன் மேல் கோரைப்பாய், அதன் மேல் கனமான ஜமக்காளம். எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. அப்பாவின் பணம் அப்படியே இருக்கிறது, பார்த்தீர்களா?

அடுத்து கூடாரம். வாடகைக்கோ, தெரிந்தவர்களிடம் இரவலாகவோ கிடைத்தால் வாங்கவே வேண்டாம். வாங்குவதானால் ஒரு விஷயம்: பெட்டியில் 'நான்கு பேருக்கு' என்று போட்டிருந்தால், நான்கு பேர் தீக்குச்சி போல ஒட்டிப் படுக்கலாம் என்று அர்த்தம். பைகளுக்கு இடம் இருக்காது. மேல்துணி இரண்டு அடுக்காக இருப்பது நல்லது. நாம் விடும் மூச்சில் உள்ள ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு, விடியற்காலையில் சொட்டும். உள்ளே வலை, வெளியே தனித்துணி என்று இருந்தால் அந்தத் தொல்லை குறைவு.

கூடாரத்துக்குள் அடுப்பு, மெழுகுவர்த்தி, கொசுவத்தி எதுவுமே கூடாது. துணி பற்றிக்கொள்ளும், புகையும் மூச்சை அடைக்கும். வெளிச்சத்துக்கு டார்ச் லைட், கூடவே மாற்று பேட்டரி. சாப்பாட்டுக்கு அம்மா கட்டித்தரும் புளியோதரையே போதும். பாதயாத்திரை போகிறவர்கள் காலம்காலமாக நம்பியது அதைத்தானே! எங்கே தங்கலாம் என்பதை மட்டும் முன்பே விசாரித்துவிடுங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கூடாரம் அடிக்கக் கூடாது.

இப்போது முக்கியமான வேலை. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால், இதே பொருட்களோடு உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு ராத்திரி தங்குங்கள். சிமென்ட் தரையில் முளை இறங்காது. மணல் மூட்டையிலோ, செங்கல்லிலோ கயிற்றைக் கட்டுங்கள். கைப்பிடிச் சுவரில் இருந்து நன்றாகத் தள்ளிப் போடுங்கள். அப்பாவும் அம்மாவும் கூடவே படுக்க வேண்டும். சாயங்காலம் கடல் பக்கம் இருந்து வீசும் காற்று, நடு ராத்திரிக்கு மேல் திசை மாறுவதையும் கவனியுங்கள். எது வேண்டுமானாலும் கீழே போய் எடுத்து வரலாம். ஆனால், எடுக்கப் போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். தீப்பெட்டியா, தம்பியின் ஸ்வெட்டரா, தண்ணீரா... அந்த நோட்டுதான் நீங்கள் கேட்ட பட்டியல்! என்னைவிட அது சரியாகச் சொல்லும்.

காலையில் கூடாரத்தை வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பிறகு மடியுங்கள். உப்புக் காற்று ஊர் அது. ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

தங்கையே, திரும்பி வந்ததும் எழுது. எத்தனை தடவை மாடிப்படி இறங்கினாய் என்பதை மறக்காமல் எழுது!

அன்புடன்,
ஆசிரியர்