பின்னால் வரும் சக்கரம்

அமெரிக்க தேசத்தில் கோடை விடுமுறை வந்துவிட்டால், அநேகக் குடும்பத்தார் ஒரு சிறு வீட்டையே மோட்டார் வண்டியின் பின்னால் பூட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி யாவும் அதில் அடக்கம். டிரெயிலர் என்று அதற்குப் பெயர். நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும் பலர் அங்கே குடித்தனம் செய்வதால், இந்த யாத்திரையில் நேரும் ஒரு சங்கடத்தைப் பற்றி இவ்வாரம் நாலு வார்த்தை சொல்ல விரும்புகிறோம். டிரெயிலரின் டயர் வெடிப்பதுதான் அந்தச் சங்கடம்.

காரின் டயரில் காற்றுக் குறைந்தால் ஓட்டுகிறவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும்; வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். டிரெயிலர் விஷயம் அப்படியன்று. பின்னே ஒரு டயர் நசுங்கிக்கொண்டு வந்தாலும், முன்னேயுள்ள எஞ்சின் தன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டே போகும். இரட்டை அச்சுள்ள டிரெயிலரானால் கேட்கவே வேண்டாம். ஒரு சக்கரம் தளர்ந்தால், அதே பக்கத்துச் சக்கரம் வாய் பேசாமல் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும். சற்று நேரத்தில் அதுவும் கெடும். பின்னால் வரும் அந்நியர் ஒருவர் ஹாரன் அடித்துக் கையைக் காட்டிய பிறகே பலருக்கு விஷயம் விளங்குகிறது.

டயர் வெடிப்பதற்கு ஆணியும் கண்ணாடித் துண்டுமே காரணம் என்று நினைப்பது சரியல்ல. பெரிய சத்துரு உஷ்ணம். காற்றுக் குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை விடாமல் வளைத்து நிமிர்த்தினால் சூடேறி முறிந்துவிடுகிறதல்லவா? ஏறக்குறைய அதே கதிதான். ரப்பருக்கும் உள்ளேயுள்ள எஃகு இழைக்கும் இருக்கும் பிடிப்பு விட்டுப்போய், மேற்பட்டை உரிந்து, வண்டியின் அடித்தகட்டையும் கிழித்துவிடுகிறது. அதிக பாரமும் அதிக வேகமும் இதற்குத் துணை செய்கின்றன.

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து லாஸ் வேகாஸுக்குப் போகும் 15-ம் எண் நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்வோம். மோஹாவே பாலைவனத்தின் நடுவே பேக்கர் என்ற சிற்றூரில் 134 அடி உயரமுள்ள ஓர் உஷ்ணமானி நிற்கிறது. டெத் வாலி என்னும் மரணப் பள்ளத்தாக்கில் 1913 ஜூலை 10-ந் தேதி பதிவான 134 பாரன்ஹீட் டிகிரியின் ஞாபகார்த்தமாகவே அந்த உயரம். பேக்கரைத் தாண்டியதும் சாலை சுமார் 900 அடியிலிருந்து 4,700 அடிக்கு மேல் ஏறுகிறது. காலிபோர்னியாச் சட்டப்படி டிரெயிலர் இழுக்கும் வண்டி மணிக்கு 55 மைலுக்கு மேல் போகலாகாது. பக்கத்தில் மற்றவர்கள் 70 மைலில் பறக்கும்போது இந்த அடக்கம் எல்லாருக்கும் வருகிறதா?

2000-ம் வருஷத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் செய்த ஒரு சட்டத்தின் பலனாக, 2007 செப்டம்பருக்குப் பின் விற்கப்படும் புதிய கார்களில் காற்றுக் குறைந்தால் எச்சரிக்கும் கருவி இருந்தாக வேண்டும். டிரெயிலரை அந்த விதி தொடவில்லை. இழுக்கிறவனுக்குக் காவல் உண்டு, இழுபடுகிறவனுக்கு இல்லை. உலகத்தில் இது ஒன்றும் புதிதல்ல. ஆனால் பின்னே வருபவன் விழுந்தால் முன்னே போகிறவனும் விழத்தான் வேண்டும். டயர் வெடித்து டிரெயிலர் ஊசலாடத் தொடங்கினால், காரையே கவிழ்த்துவிடக் கூடும்.

ஆகவே, காவல் வேலையை நாமே செய்துகொள்ள வேண்டும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளக்க வேண்டும். 'டி' என்ற சுமைக் குறியுள்ள டிரெயிலர் டயருக்குச் சாதாரணமாய்ச் சதுர அங்குலத்துக்கு 65 ராத்தல் அழுத்தம். ஓடிச் சூடான பிறகு அளவு ஏறியிருந்தால், காற்றைத் திறந்துவிடலாகாது. டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். டிரெயிலர் வருஷத்தில் பெரும் பகுதி வெயிலில் சும்மா நிற்பது. மேலே பள்ளம் தேயாமலே ரப்பர் முதுமை அடைந்துவிடும். ஐந்தாறு வருஷமானால் மாற்றிவிடுவதே நலம். மாற்றுச் சக்கரமும், அதன் மரைக்குப் பொருந்தும் திருகு சாவியும் உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். காரின் சாவி டிரெயிலருக்குப் பொருந்தாமல் போவது சகஜம்.

இவ்வளவுக்கும் பிறகு வெடித்தால்? பிரேக்கை ஓங்கி மிதிக்கலாகாது. சக்கரத்தை நேராய்ப் பிடித்து, வேகத்தைத் தானே அடங்க விட்டு, வலது பக்கம் ஒதுங்க வேண்டும். இடம் குறுகலாயிருந்தால், இரும்பு வளையம் பாழானாலும் மெதுவாக அடுத்த கிளைச் சாலை வரையில் போய்விடலாம். வளையத்துக்கு விலை உண்டு, கடையில் கிடைக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் குனிந்து மரை கழற்றும்போது லாரி மோதி மாண்டவர்கள் உண்டு. சாலையோரத்தில் நிற்கும் போலீஸ், ஆம்புலன்ஸ் வண்டிகளுக்கு விலகிப் போக வேண்டுமென்று அந்நாட்டின் 50 ராஜ்யங்களும் 2012-க்குள் சட்டம் செய்தது இத்தகைய மரணங்களைத் தடுக்கவே. குழந்தைகளைச் சாலைக்கு எட்டாத தூரத்தில் நிறுத்திவிட்டு, உதவி வண்டிக்குச் சொல்லியனுப்புவதே புத்திசாலித்தனம்.

ஒரு யோசனை கூறி முடிக்கிறோம். குடும்பத்தில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால், காற்றுமானியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் அவனிடமோ அவளிடமோ ஒப்படைத்துவிடுங்கள். தினம் காலையில் ஒவ்வொரு சக்கரத்தின் கணக்கையும் எழுதட்டும். பெரியவர்கள் அவசரத்தில் மறப்பார்கள். உத்தியோகம் பெற்ற குழந்தை ஒரு நாளும் மறக்காது.