மக்குற குப்பையை எங்க தலையில் கொட்டாதே! எருவாக்கி வயலுக்குக் கொடு!



நம்ம பேச்சில் குப்பைன்னா எரு. "இந்த வருஷம் ஏக்கருக்கு எத்தனை வண்டி குப்பை அடிச்சே?"ன்னு கேட்டால் யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. மண்ணில் விளைஞ்சது மண்ணுக்கே திரும்பணும், அதுதான் நம்ம கணக்கு. இன்னைக்கு டவுனிலிருந்து லாரியில் வருவது அந்தக் குப்பை இல்லை. மிச்சச் சோறும், வாழை இலையும், அழுகின தக்காளியும், பிளாஸ்டிக்கும், ஊசியும் ஒண்ணாக் கட்டின மூட்டை. அதை நம்ம ஏரிக்கரையில் மலையாக் குவிக்கிறாங்க. மழை பெய்தால் கறுப்புத் தண்ணி இறங்குது. கிணத்துத் தண்ணியை மாடு மோந்து பார்த்துட்டுத் திரும்பிடுது. மாட்டுக்குத் தெரிஞ்சது அதிகாரிக்குத் தெரியாதா?

நகரத்துக் குப்பையில் ஏறக்குறைய பாதி மக்கும் குப்பைதான். அதைக் காத்துப் புகாமல் அமுக்கி வைத்தால் மீத்தேன் வாயு உண்டாகும். குப்பைமேட்டில் பிடிச்ச தீ லேசில் அணையாததுக்கு அதுவும் ஒரு காரணம். சென்னை பெருங்குடியில் 2022 ஏப்ரலிலும், கொச்சி பிரம்மபுரத்தில் 2023 மார்ச்சிலும், கோவை வெள்ளலூரில் 2024 ஏப்ரலிலும் நாள்கணக்கில் குப்பை எரிந்தது. அந்தப் புகையைக் குடிச்சது யார்? பக்கத்து ஊர் ஜனங்கள்!

இதே வாயுவை மூடின கலனுக்குள் பிடித்தால் அது அடுப்புக்கு எரிபொருள். நமக்கு இது புதுசு இல்லை. கோபர் கேஸ் கலன் பார்க்காத கிராமம் உண்டா? சாணி, மாட்டின் வயித்தில் ஏற்கெனவே செரிச்சு வந்த சக்கை. சோறும் காய்கறியும் செரிக்காத தீனி. அதனால் எடைக்கு எடை சாணியைவிட அதிக வாயு தரும். ஒரு டன் உணவுக் கழிவிலிருந்து சுமார் 100 கன மீட்டர் வாயு எடுக்கலாம்.

ஆனால் விவசாயிக்கு வாயுவைவிடப் பெரிசு, கலனிலிருந்து வெளியே வரும் ஸ்லரி. வாயுவாகப் போவது பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனும்தான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் ஸ்லரியிலேயே தங்கிவிடும். பொட்டாஷுக்கு நம்ம நாடு வெளிநாட்டைத்தான் நம்பி இருக்கு. கப்பலில் வர்ற சத்துக்குக் காசு கொடுக்கிறோம். நம்ம வயலிலிருந்து டவுனுக்குப் போன சத்தைக் குப்பைமேட்டில் புதைக்கிறோம். இது எந்த ஊர் நியாயம்?

"தொழில்நுட்பம் இல்லை"ன்னு சொல்ல முடியாது. கோயம்பேடு மார்க்கெட்டில் தினம் 30 டன் காய்கறிக் கழிவுக்கான நிலையத்தை 2000-களிலேயே கட்டினாங்க. இந்தூரில் தினம் 550 டன் பிடிக்கும் நிலையம் 2022 பிப்ரவரியில் திறந்தாங்க. தினம் 17 டன் வாயுவும் 100 டன் எருவும் எடுக்கிற அளவுக்கு அமைத்தது. அங்கே முடிந்ததுக்குக் காரணம் மிஷின் மட்டும் இல்லை. வீட்டு வாசலிலேயே பிரிச்சு வாங்கின பழக்கம்!

"சட்டம் இல்லை"ன்னும் சொல்ல முடியாது. மக்கும் கழிவை எருவாகவோ வாயுவாகவோ மாத்தணும், மத்ததுக்கு உதவாததை மட்டுமே குழியில் போடணும்னு 2000-ஆம் வருஷத்து மத்திய விதியே சொன்னது. 2003 டிசம்பர் 31-க்குள் நிலையங்களை அமைக்கவும் கெடு வைத்தது. 2016-லும் அதையே திருப்பிச் சொன்னாங்க. கெடு முடிந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. நாம ஒரு தவணை தவறினால் ஜப்தி நோட்டீஸ் வருது. இவங்களுக்கு நோட்டீஸ் கொடுப்பது யார்?

நம்ம பக்கத் தப்பையும் சொல்லிடணும். மலிவாக் கிடைக்குதுன்னு பிரிக்காத நகரக் குப்பையை வாங்கி வயலில் இறைச்சவங்க நம்மில் உண்டு. கண்ணாடி காலைக் கிழிச்சது, பாலித்தீன் கலப்பையில் சுத்திச்சு. இனிமேல் அது வேண்டாம். பிரிக்காத குப்பையை உள்ளே போட்டால் கலனும் படுத்துவிடும், எருவும் விஷமாகிவிடும். அதனால் பிரிக்கிற வேலைதான் முதல் வேலை.

"நிலையம் வந்தால் நம்ம நிலத்தை எடுத்துடுவாங்க"ன்னு சிலர் பயப்படுறாங்க. நியாயமான பயம். அதனால்தான் கோரிக்கையைத் தெளிவா வைக்கிறோம்:

1. மார்க்கெட், ஓட்டல், கல்யாண மண்டபம், விடுதி ஆகியவற்றின் உணவுக் கழிவை முதலில் தனியாக எடு! ஒரு லாரிகூட ஏரிக்கரைக்கு வரக்கூடாது!

2. எரிவாயு நிலையத்தை நகராட்சியின் சொந்த இடத்தில், கழிவு உண்டாகும் இடத்துக்குப் பக்கத்தில் அமை! ஒரு சென்ட் விளைநிலத்தையும் தொடாதே!

3. எருவில் ஈயம், காட்மியம் போன்ற உலோகம் இருக்கிறதா என்று சோதனை செய்! முடிவை ஊராட்சிப் பலகையில் ஒட்டு!

4. இந்த எருவுக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகை என்று மத்திய அரசு 2023 ஜூனில் ஒப்புதல் தந்தது. அதன் பலன் விவசாயி வாங்கும் விலையில் தெரியணும்!

5. பழைய மேட்டைத் தோண்டிச் சுத்தம் செய்! கெட்டுப்போன கிணறுகளுக்கு நஷ்டஈடு கொடு!

டவுன்காரர்கள் நமக்கு எதிரி இல்லை. அவங்க தட்டில் சோறு போடுறது நாம. மிச்சத்தைப் பிரிச்சு வைங்கன்னு கேட்க நமக்கு உரிமை உண்டு. பிரிச்சுக் கொடுத்தால் எருவா வாங்கிக்க நாம தயார். கலந்து கொட்டினால் லாரியை மறிக்கவும் தயார்!

தாலுகா ஆபீஸ் முன் ஆர்ப்பாட்டம்! கெட்ட கிணத்துத் தண்ணியை ஆளுக்கு ஒரு பாட்டில் எடுத்துக்கிட்டு வாங்க! அதிகாரி மேஜையில் வரிசையா வைப்போம்!

குடும்பத்தோடு திரண்டு வாரீர்!