டைகரில் தொடங்க வேண்டாம்

நம் புத்தக அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் பெட்டியைப் பற்றி வீட்டிற்கு வருவோர் கேளாமல் போவதில்லை. 1:35 அளவில் ஜெர்மானிய டைகர் டாங்கி. வாங்கி ஏழாண்டுகள் ஆகின்றன, சக்கரங்களோடு நின்றுவிட்டது. மாதிரி டாங்கி செய்யப் புகுவோரில் பலர் இப்படி முதல் பெட்டியிலேயே தோற்று ஒதுங்குவதைக் கண்டபின் இதை எழுதத் தோன்றியது.

முற்பட்ட வகை டைகரின் சக்கரங்கள் ஒன்றன் இடையில் ஒன்று புகுந்து நிற்பவை. பக்கத்திற்கு எட்டு அச்சு, அச்சுக்கு மூன்று சக்கரம். ஆக மொத்தம் 48. ஒவ்வொன்றையும் வெட்டியெடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, ரப்பர் விளிம்புக்குத் தனி வண்ணம் தீட்ட வேண்டும். உண்மையான டைகரை ஓட்டியவர்களுக்கும் இவை தொல்லையே தந்தன. ருஷ்யக் குளிரில் சக்கரங்களுக்கிடையே சேறு உறைந்து இறுகிவிடுமாம்.

தொடங்குவோர்க்கு ஏற்றது சோவியத் டி-34 என்பது நம் துணிபு. பெரிய சக்கரங்கள் பத்து இணைகளே. பெரும்பாலும் ஒரே பச்சை. வார்ப்பிரும்புச் சட்டிபோல் சொரசொரத்த கோபுரம். போர்க்கால அவசரத்தில் வார்த்தது. புதியவரின் தூரிகைத் தடம் அதில் குறையாகத் தெரியாது. இன்னொரு நியாயமும் உண்டு. டைகர் உற்பத்தியானது சுமார் 1,350. டி-34 போர் முடிவதற்குள் 50,000-க்கும் மேல். நம் அலமாரிகளிலோ இந்தக் கணக்கு தலைகீழ். டி-34ஐ உருவாக்கிய மிகயீல் கோஷ்கின் 1940 மார்ச்சில், முன்மாதிரி வண்டிகளோடு கார்க்கிவிலிருந்து மாஸ்கோ வரை பனியில் பயணம் செய்தார். நிமோனியா கண்டு அவ்வாண்டு செப்டம்பரில் இறந்தார். தம் வண்டி போருக்குப் போனதை அவர் காணவில்லை.

கருவிகள் அதிகம் வேண்டா. கூரிய நிப்பர், சிறு கத்தி, உப்புத்தாள், இரண்டு தூரிகை, பிளாஸ்டிக் மாதிரிகளுக்கான நீர்மப் பசை. இப்பசை ஒட்டுவதில்லை; பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்குகிறது. ஆகவே பாகங்களை முதலில் பசையின்றிப் பொருத்திப் பார்த்து, பின் இடுக்கில் ஒரு துளி தொட்டுவைத்தால் போதும், தானே ஓடிப் பரவும். (சன்னல் திறந்திருக்கட்டும்.) ஏர்பிரஷ் இல்லையே என்று தயங்க வேண்டாம். அக்ரிலிக் வண்ணத்தை நீர்க்கக் கரைத்து, உலர விட்டு உலர விட்டு மூன்று முறை பூசினால் தூரிகையே போதுமானது. நன்கு உலர்ந்தபின், கரும்பழுப்பு எனாமலை மினரல் டர்பென்டைனில் மிக நீர்க்கக் கரைத்து ஆணித்தலைகளையும் இடுக்குகளையும் சுற்றித் தொட்டு வைக்க, நிழல் தங்கி வடிவம் எழுந்து வரும். அந்தக் கணத்திற்காகவே இத்தனையும் எனலாம்.

அடுத்து சேறு. இங்கேதான் புதியவர்கள் கெடுக்கிறார்கள். ஒட்டுத் தவறை மறைக்கவும் சேறு, அழகுக்கும் சேறு. கவிதை எழுதத் தொடங்குகிற மாணவர் பெயர்ச்சொல் தோறும் அடைமொழி சேர்ப்பது போல. சேறு கீழிருந்து மேலே தெறிப்பது. சக்கரத்திலும் அடிவயிற்றிலும் திரளும், கோபுரத்தின் உச்சியில் அப்பிக்கொண்டிராது. எந்த மாதம், எந்த மண் என்று ஒரு கேள்வி கேட்டுக்கொண்ட பிறகே தூரிகையைத் தொட வேண்டும்.

தமிழாசிரியருக்குக் கொலைக்கருவியில் என்ன ஈடுபாடு என்று துறை நண்பர் ஒருவர் கேட்டார். களவழி நாற்பதை ஆண்டுதோறும் நடத்துகிறோம், அப்போது யாரும் கேட்பதில்லை என்றோம். வாதத்தில் வென்றோமே தவிர அக்கேள்வி நம்மை விடவில்லை. அதனால்தானோ என்னவோ, நாம் செய்து முடித்த டி-34இன் கோபுர மூடியைத் திறந்தபடி ஒட்டி, அதில் ஒரு வீரனை நிறுத்தினோம். முழு உயரம் ஐந்து சென்டிமீட்டர்தான். டாங்கி முழுமைக்கும் ஆனதைவிட அவன் முகத்திற்கு அதிக நேரம் செலவாயிற்று. கண்கள் இன்னும் சரியாக வரவில்லை.