யாருடைய அணுகல்?

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையின் உதிரிபாகப் பட்டறைகளில் பெண்கள் நின்றுகொண்டேதான் வேலை செய்கிறார்கள். பொருளைச் சோதிப்பது, அடுக்குவது, பெட்டி கட்டுவது. பம்மலுக்கோ அனகாபுத்தூருக்கோ வீடு திரும்பினால் குந்தி உட்கார்ந்து பாத்திரம், துணி, பிறகு தண்ணீர்க் குடம். ஐம்பது வயதில் மருத்துவர் “முட்டி தேஞ்சு போச்சும்மா, வெயிட்டக் குறைங்க” என்கிறார். எந்த வேலையில் தேய்ந்தது என்று அவர் கேட்பதில்லை.

இந்த முட்டிக்காக வாஷிங்டனில் வழக்காடியவர்கள் உண்டு. அவளுக்காக அல்ல.

2017 ஆகஸ்ட் 16 அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை மூட்டுகளுக்கு உச்ச விலை விதித்தது. அதிகம் பொருத்தப்படும் கோபால்ட் குரோமியம் மூட்டின் விலை சராசரியாக 1,58,324 ரூபாயிலிருந்து 54,720 ரூபாய்க்கு இறங்கியது. அதே பிப்ரவரியில் இதயக் குழாய் ஸ்டென்ட்டுகளுக்கும் இப்படி விலை கட்டப்பட்டிருந்தது. அமெரிக்க மருத்துவத் தொழில்நுட்ப நிறுவனங்களின் சங்கமான அட்வமெட் சும்மா இருக்கவில்லை. இந்திய ஏற்றுமதிக்கு அமெரிக்கா தந்துவந்த சுங்கச் சலுகையை மறுஆய்வு செய்யும்படி அந்நாட்டு வணிகப் பிரதிநிதி அலுவலகத்திடம் மனுக் கொடுத்தது. பால்பொருள் நிறுவனங்களும் சேர்ந்துகொண்டன. 2018 ஏப்ரலில் மறுஆய்வு தொடங்கியது. 2019 ஜூன் 5 அன்று சலுகை போனது. இந்தியா தன் சந்தையில் நியாயமான அணுகலுக்கு உறுதி தரவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். 2017இல் சுமார் 560 கோடி டாலர் ஏற்றுமதி அந்தச் சலுகையில் போயிருந்தது. தோல் பொருள்களும் பொறியியல் பொருள்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஒரு பெண்ணின் முட்டிக்கு விலை குறைந்ததற்கு, இன்னொரு பெண் பெட்டி கட்டும் சரக்கின் மேல் வரி.

இந்த வேலைக்கு நிறுவன மொழியில் ‘பப்ளிக் அஃபேர்ஸ்’ என்று பெயர். பொது விவகாரம் என்று தமிழாக்குகிறார்கள். விவகாரம் என்றால் நம்மூரில் வம்பு வழக்கு. சொல் பொருந்தித்தான் இருக்கிறது. ‘பொது’தான் இடிக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் மருத்துவக் கருவி நிறுவனங்களின் சங்கம் ஒன்றுக்காக ஒரு விளம்பர முகமை எனக்குத் துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்க்க அனுப்பியது. வரிக்கு வரி ‘அக்செஸ்’. நோயாளியின் அக்செஸ், புதுமைக்கான அக்செஸ். தமிழில் எழுத உட்கார்ந்தால் அந்தச் சொல் நிற்க மறுக்கிறது. ‘நோயாளிக்குப் புதிய மூட்டு கிடைக்க வேண்டும்’ என்று எழுதினேன். ‘கிடைக்க’ என்றதும், என்ன விலைக்கு என்ற கேள்வி தானாக வருகிறது. முகமையிடம் கேட்டேன். “மேடம், அணுகல்னு போட்டுடுங்க, போதும்” என்றார்கள். திருப்பி அனுப்பிவிட்டேன். சந்தைக்குள் நுழைய நிறுவனம் கேட்கும் அணுகலையும், மூட்டு கிடைக்காத பெண்ணின் தேவையையும் ஒரே சொல்லில் போட்டுக் கட்டுவதற்குத்தான் அந்த மூட்டை.

நம் சொற்களையும் எடுத்துக்கொள்கிறார்கள். 2006இல் ஜிம்மர் நிறுவனம் ‘பெண்களுக்கான மூட்டு’ ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெண்ணுடல் வேறு, அதற்குத் தனி வடிவமைப்பு வேண்டும் என்றது விளம்பரம். மருத்துவ ஆராய்ச்சி ஆணுடலையே அளவுகோலாக வைத்திருக்கிறது என்று நாம் பல காலம் சொல்லிவந்ததுதான் இது, விலைச்சீட்டோடு. ஒரே பெண்ணின் ஒரு காலில் வழக்கமான மூட்டையும் மறு காலில் இதையும் பொருத்திப் பார்த்த தென் கொரிய ஆய்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வித்தியாசம், தெரிவு, உரிமை என்று நாம் எழுதியவை விற்பனைப் பேச்சாகும்போது மகிழ வேண்டியதில்லை.

விலைக் கட்டுப்பாடு வந்தால் தரமான புதிய மூட்டுகள் இந்தியாவுக்கு வராது என்று சங்கங்கள் சொல்லும். இருக்கட்டும். 1,58,324 ரூபாய் இருந்தபோது திருமுடிவாக்கத்துப் பெண்ணுக்கு எந்தப் புதுமை வந்தது?

அரசைப் புகழவும் எனக்கு மனமில்லை. உச்ச விலை மூட்டுக்குத்தான். அறுவைக் கட்டணத்துக்கும் அறை வாடகைக்கும் கிடையாது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சேரக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் பத்தாயிரம். கணவர் ஆட்டோ ஓட்டி, இவளும் பட்டறைக்குப் போனால் வரம்பு தாண்டிவிடும். தாண்டாவிட்டாலும், அறுவைக்குப் பின் ஆறு வாரம் அந்த வீட்டில் சமைப்பது யார்?

அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசிடம் ஆதரவு திரட்டுவோர் யாருக்காக, எவ்வளவு செலவில் பேசினார்கள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். அங்கே எல்லாம் சுத்தம் என்று இதற்குப் பொருளில்லை, கணக்காவது இருக்கிறது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டமே இல்லை. அமைச்சகத்தில் எந்தச் சங்கம், எந்த அதிகாரியை, எந்த மனுவோடு பார்த்தது என்பதை அவர்கள் விரும்பினால்தான் நாம் அறிய முடியும். அந்தப் பதிவேடு வேண்டும். மூட்டு விலை பேசும் கூட்டத்தில், மூட்டு மாற்றிக்கொண்ட பெண்களுக்கும் பட்டறைத் தொழிற்சங்கத்துக்கும் நாற்காலி வேண்டும். நாற்காலி என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். தரையில் உட்கார்ந்தால் அவர்களால் எழ முடியாது.